படையை விட்டு வந்தவனுக்கு வேலை கிடைத்ததா? தொழிலாளர் துறை கேட்கும் விவரங்களும் நாம் அனுப்ப வேண்டிய கருத்தும்

#1 பொருளறைக்காரன்

இந்தக் குழுவில் அமெரிக்கப் படைகளில் இருந்தவர்கள், இன்னும் இருப்பவர்கள், அவர்களைக் கட்டிக்கொண்டவர்கள் என்று கொஞ்சம் பேர் இருக்கிறோம். என்னைப்போல, தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டம் வழியாக வந்தவர்களும் உண்டு. 2009இல் தொடங்கி 2016இல் நிறுத்தப்பட்ட அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. தாய்மொழி தெரியும் என்பதற்காகச் சேர்த்துக்கொண்டு, கிட்டங்கியில் நிறுத்தி போல்ட்டு எண்ண வைத்தார்கள். அந்தக் கதை இன்னொரு நாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொழிலாளர் துறையில் முன்னாள் படைவீரர்களின் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் வெட்ஸ் பிரிவு ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. படையிலிருந்து விடுபடப் போகிறவர்களுக்குத் தரும் வேலை உதவி பற்றி விவரம் சேகரிக்கப் போகிறார்களாம், அதைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். இப்படி அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். 1980இல் வந்து 1995இல் திருத்தி எழுதப்பட்ட காகிதப்பணிக் குறைப்புச் சட்டத்தின்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் ஒரே கேள்வியைக் கேட்க விரும்பும் எந்த மத்தியத் துறையும் முதலில் 60 நாள் கருத்துக் கேட்க வேண்டும். பிறகு வெள்ளை மாளிகையின் கீழுள்ள வரவுசெலவு அலுவலகத்துக்கு அனுப்பி இன்னும் 30 நாள் காத்திருக்க வேண்டும். அதன் பின்புதான் படிவத்துக்கு எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கும் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்தான். மறுபடி அறிவிப்பு, மறுபடி கருத்து. நம்மவர்கள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பார்க்க வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 'டேப்' என்று நாம் சொல்லும் பணிமாற்ற உதவித் திட்டத்தில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பது இந்தப் படிவங்களில்தான் தீர்மானமாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் படையை விட்டு வெளியேறுகிறார்கள்.

வகுப்பின் கடைசிப் பிற்பகலை நினைத்துப் பாருங்கள். திரையில் ஒரு கியூஆர் குறியீடு. 'இதை நிரப்பிவிட்டால் கிளம்பலாம்' என்கிறார் பயிற்றுநர். அறையில் இருந்த அத்தனை கைபேசிகளும் ஒரே நேரத்தில் மேலே எழுகின்றன. என் பக்கத்தில் சமையல் பிரிவு சார்ஜன்ட் ஒருவர். கேள்வியைப் படிக்காமலே கட்டைவிரலால் மேலிருந்து கீழாக 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிக்கொண்டே போனார். கடைசித் தட்டு விழும்போது வண்டிச் சாவி இன்னொரு கையில் இருந்தது. வேலை தேடவே தொடங்காதவரிடம் 'வேலை தேட இது உதவியதா' என்று கேட்டால் வேறு என்ன வரும்?

எனக்கு உண்மையில் உதவியது வகுப்பு அல்ல, ஒரு வேலை வழிகாட்டி. 2021 ஏப்ரலில் 13 முகாம்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு விரிந்த திட்டம் அது. ஆளுக்கு ஆள் எதிரே உட்கார்ந்து பேசுவார்கள். நான் எழுதிக்கொண்டு போன ரெஸ்யூமேயில் ராணுவத்தின் சரக்குக் கணக்கு மென்பொருளான ஜிசிஎஸ்எஸ்-ஆர்மியின் பெயரைப் போட்டிருந்தேன். அந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, 'இது எஸ்.ஏ.பி. மேல் ஓடுவதுதானே? அந்த மூன்று எழுத்தை ஏன் எழுதவில்லை?' என்று கேட்டார். எஸ்.ஏ.பி. என்பது வெளிக் கம்பெனிகள் பயன்படுத்தும் வணிக மென்பொருள். எழுதினேன். அதுவரை பதிலே போடாத கம்பெனிகள் கூப்பிடத் தொடங்கின. இந்தத் திட்டத்தில் நான் கண்ட ஆகப் பெரிய உதவி அந்த ஒரு வரிதான். கணினியில் அது 'ரெஸ்யூமே உதவி' என்று பதிவாகியிருக்கும். ஆளின் பெயர், தொடர்பு விவரம், எந்தப் படை, எப்போது விடுபடுகிறார், என்ன உதவி கேட்டார் என்பதெல்லாம் ஏறும். அந்த உதவி பலித்ததா என்பது ஏறாது.

கருத்து அனுப்பலாமா? அனுப்பினால் என்ன எழுதுவது?


#2 எண்ணாயிரம்

மாநிலத் தொழிலாளர் துறை ஒன்றில் ஊதியப் பதிவுகளோடு காலம் தள்ளுகிறவன் நான். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் கேட்ட 'பலித்ததா' என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே அரசின் கையில் கிடக்கிறது. ஒவ்வொரு முதலாளியும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தன்னிடம் வேலை பார்த்தவர்களின் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் கொடுத்த சம்பளத்தையும் மாநிலத்துக்கு அனுப்புகிறார். வேலையின்மைக் காப்பீட்டுக்காக ஏற்பட்ட பதிவு அது. 2014ஆம் ஆண்டுப் பணியாளர் மேம்பாட்டுச் சட்டம் அதை அளவுகோலாக்கிவிட்டது. உதவி பெற்று வெளியேறியவர் இரண்டாம் காலாண்டில் வேலையில் இருக்கிறாரா, நான்காம் காலாண்டில் இருக்கிறாரா, இடைநிலைச் சம்பளம் என்ன என்று பார்க்கிறார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ 2,300 அமெரிக்க வேலை மையங்கள் இருக்கின்றன. அங்கே போய் ஊனமுற்ற படைவீரர்களுக்கான அலுவலரைப் பார்க்கிற முன்னாள் சிப்பாயின் கதையை, அவரிடம் மறுபடி ஒரு வார்த்தை கேட்காமலே இப்படித் தெரிந்துகொள்கிறார்கள்.

டேப் இந்தச் சட்டத்தின் கீழ் வரவில்லை. அது 1990இல் பாதுகாப்புச் சட்டத்தோடு பிறந்தது; 2011இல் பெரும்பாலோருக்குக் கட்டாயமானது. பாடம் நடத்துவது தொழிலாளர் துறை. ஆட்களின் பதிவு பாதுகாப்புத் துறையிடம். வெளியே வந்த பிறகு அவர்களைக் கேட்பது படைவீரர் நலத்துறை. ஆறு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு என்று அவர்கள் தனியே ஒரு கருத்தாய்வு நடத்துகிறார்கள். சம்பளப் பதிவு மாநிலங்களிடம். நாலு வீட்டில் நாலு கணக்குப் புத்தகம்.

சேர்த்துப் பார்க்க முடியாது என்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 'முன்னாள் படைவீரர் வேலை விளைவுகள்' என்ற பெயரில் தரைப்படையின் பதிவுகளையும் ஊதியப் பதிவுகளையும் இணைத்து அட்டவணை வெளியிடுகிறது. படையில் என்ன தொழில் பார்த்தார், எந்தத் தரத்தில் விடுபட்டார் என்று பிரித்து, வெளியேறி 1, 5, 10 ஆண்டுகளில் அவர்கள் என்ன சம்பாதித்தார்கள் என்று காட்டுகிறது. வாகனம் ஓட்டியவரும் மருத்துவ உதவியாளராக இருந்தவரும் பத்தாண்டில் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் சேரும் முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அட்டவணையில் இல்லாதது ஒன்றுதான். யார் எந்த வகுப்பில் உட்கார்ந்தார், உதவித் தேவையைப் பொறுத்து எந்த அடுக்கில் வைக்கப்பட்டார், வழிகாட்டியைச் சந்தித்தாரா என்பது அதில் இல்லை. அது பாதுகாப்புத் துறையின் டிடி 2648 மின்படிவத்திலும் வெட்ஸின் பதிவிலும் இருக்கிறது. கொண்டுவந்து சேர்த்தால் போதும். புதிய கேள்வி ஒன்றுகூட வேண்டாம்.


#3 பதினெட்டுச் சக்கரம்

எண்ணாயிரம் ஐயா சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் நான் கிடையாது.

நான் 88எம். ராணுவத்தில் கனரக வண்டி ஓட்டினேன். வெளியே வந்து ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் சி.டி.எல். என்ற வணிக வாகன ஓட்டுநர் உரிமத்துக்கு ஓட்டுத் தேர்வு வேண்டாம், எழுத்துத் தேர்வு மட்டும் போதும் என்று ஒரு சலுகை உண்டு. அதில் உரிமம் வாங்கினேன். கொஞ்ச காலம் கம்பெனி வண்டி. இப்போது சொந்த வண்டி. எனக்கு நானே முதலாளி. எந்த மாநிலத்துக்கும் காலாண்டுக்குக் காலாண்டு என் சம்பளத்தை யாரும் அனுப்புவதில்லை. ஐயாவின் புத்தகத்தில் நான் வேலையில்லாதவன். வங்கிக் கடன்காரருக்கு மட்டும் நான் வேலையில் இருக்கிறேன் என்று நன்றாகத் தெரியும்.

என்னோடு விடுபட்டவர்களில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டுகிறவர், வீட்டுக்கு ஏ.சி. மாட்டுகிறவர். மத்திய அரசு வேலைக்குப் போனவர்களும் அந்த மாநிலப் பதிவில் வரமாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?


#4 எண்ணாயிரம்

உண்மை. மத்திய அரசு ஊழியர்கள், மறுபடி சீருடை போட்டவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள் யாரும் மாநில ஊதியப் பதிவில் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசு வேலையில் முன்னுரிமை இருப்பதால், மற்றவர்களை விட இவர்கள் விஷயத்தில் இந்த ஓட்டை பெரிது. மத்திய அரசின் ஆள்பதிவு தனியாக இருக்கிறது, அதைச் சேர்த்துக்கொள்ளலாம். சொந்தத் தொழில்காரரைப் பிடிக்க வருமான வரித் துறைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கதவு லேசில் திறக்காது. ஆகவே உங்களைப் போன்றவர்களிடம் நேரில் கேட்கத்தான் வேண்டும். கேட்பது வகுப்பின் கடைசி நாளில் அல்ல என்பதுதான் என் கட்சி.


#5 நார்ஃபோக் குருவி

அண்ணன்மார்களே, ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் விடுபடுவதில்லை.

என் கணவர் கடற்படையில் இருக்கிறார். ஊர் மாறும்போதெல்லாம் என் வேலை போகும். பல் மருத்துவ உதவியாளர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலத்திலும் புதிதாகக் கெஞ்ச வேண்டும். பாதுகாப்புத் துறையின் 2021 கருத்தாய்விலேயே வேலை தேடும் படைக்குடும்ப வாழ்க்கைத்துணைகளில் 21 விழுக்காட்டினருக்கு வேலை இல்லை. நாட்டின் பொது விகிதத்தோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். தொழிலாளர் துறை எங்களுக்கென்று தனிப் பட்டறைகளும் நடத்துகிறது. நான் போயிருக்கிறேன், நன்றாகவே இருந்தன. முடிவில் அதே கியூஆர் குறியீடு.

அவர் விடுபடும்போது எந்த ஊரில் குடியேறுவது என்பதை அவருடைய வேலை மட்டும் தீர்மானிக்காது. அம்மா வீட்டுக்குப் பக்கமா, எனக்கு உரிமம் செல்லும் மாநிலமா, பிள்ளையின் பேச்சுப் பயிற்சிக்கு ஆள் இருக்கும் ஊரா என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவெடுப்போம். அவர் குறைந்த சம்பளத்துக்குப் போனால் உங்கள் அட்டவணையில் அது திட்டத்தின் தோல்வியாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு அது சரியான முடிவாக இருக்கலாம். ஏன் அந்த வேலை, ஏன் அந்த ஊர் என்று ஒரு கேள்வி வைக்கச் சொல்லுங்கள்.


#6 சந்தேகப்பிராணி

> கொண்டுவந்து சேர்த்தால் போதும். புதிய கேள்வி ஒன்றுகூட வேண்டாம்.

இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2015இல் மத்தியப் பணியாளர் அலுவலகத்தின் கணினியில் புகுந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பாதுகாப்பு அனுமதிக்காக நாம் எழுதிக் கொடுத்த அத்தனையும் போயிற்று. சொந்தக்காரர் பெயர், வெளிநாட்டில் யாரைத் தெரியும், எந்த வீட்டில் எப்போது குடியிருந்தோம் என்று ஒன்று விடாமல். திருட்டுப் போனதும் ஒரு கடிதமும் கொஞ்ச காலத்துக்கு இலவசக் கடன் கண்காணிப்பும் வந்தன. மாவ்னி ஆட்களுக்கு அதற்கு மேலும் காரணம் இருக்கிறது. நம்மைப் பற்றி நம்மை விட அதிகம் எழுதி வைத்திருந்தார்கள், அப்படியும் நம்பவில்லை.

இப்போது வழிகாட்டி என்கிற பெயரில் வெளியாட்களான கூட்டாளர் அமைப்புகளுக்கும் என் பெயரும் கைபேசி எண்ணும் போகும். நாலு இடத்தில் கிடப்பதை ஒரே இடத்தில் சேர்த்தால் திருடனுக்கு வேலை மிச்சம். நாலு வீட்டில் நாலு கணக்குப் புத்தகம் இருப்பது நல்லதுதான் என்கிறேன்.


#7 எண்ணாயிரம்

நியாயமான பயம்தான். ஆனால் இரண்டு விதமான சேர்ப்பு இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

வழிகாட்டி உங்கள் பெயரை ஒரு கூட்டாளரிடம் கொடுப்பது உங்களுக்கு வேலை தேடித் தருவதற்காக. அங்கே பெயர் தெரிந்தாக வேண்டும். அதற்கு 1974ஆம் ஆண்டுத் தனியுரிமைச் சட்டம் பொருந்தும். எந்தப் பதிவு, யாருக்குப் பகிரப்படும் என்று தனி அறிவிப்பு வெளியிட வேண்டும். மேலும் அது நீங்களாக விரும்பிச் சேரும் திட்டம். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், படையிலிருந்து உங்கள் விடுவிப்பு தடைபடாது.

கணக்கெடுப்புத் துறை செய்வது வேறு. அங்கே பெயரைக் கழற்றிவிட்டு, ஓர் உள் எண்ணை மாட்டித்தான் பதிவுகளை இணைப்பார்கள். வெளியே வருவது அட்டவணை மட்டும். அந்த விவரத்தை உங்களுக்கு எதிரான எந்த நடவடிக்கைக்கும் பயன்படுத்தக் கூடாது. ஊழியர் ஒருவர் வெளியே விட்டால் ஐந்தாண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்: வெட்ஸ் தன் அலுவலகத்திலேயே எல்லாவற்றையும் குவித்து வைக்க வேண்டாம். யார் எந்த வகுப்புக்குப் போனார் என்ற பட்டியலைக் கணக்கெடுப்புத் துறைக்கு அனுப்பட்டும், இணைத்து முடித்த அட்டவணையை வாங்கிக்கொள்ளட்டும்.


#8 சந்தேகப்பிராணி

இதைக் கருத்தில் எழுதுவதானால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். கூட்டாளருக்குக் கொடுத்த விவரத்தை எத்தனை காலம் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்ற கேள்வியும் அதில் வர வேண்டும். இல்லையென்றால் கையெழுத்துக் கிடையாது.


#9 வேலூர் ஹவில்தார்

வணக்கம். நான் இந்திய ராணுவம், 17 ஆண்டு சேவை. எங்கள் பக்கம் மறுவேலைவாய்ப்புக்குத் தனி இயக்குநரகம் இருக்கிறது, மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, தமிழ்நாடு அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாகக் காவல் பணி கிடைக்கும். பதிவு செய்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். போன பிறகு எப்படி இருக்கிறாய் என்று என்னை யாரும் கேட்டதில்லை. உங்களிடம் கேட்கவாவது கேட்கிறார்களே.


#10 மட்டுறுத்துநர்

ஹவில்தார் ஐயா, நன்றி. இந்திய மறுவேலைவாய்ப்புக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் அங்கே தொடருங்கள். இங்கே அமெரிக்க அறிவிப்பு மட்டும்.


#11 ஆள்தேர்வு மேசை

நான் மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருப்பவன், ஒரு தளவாடக் கம்பெனியில் ஆள் எடுப்பவன். படையில் இருந்ததில்லை.

நீங்கள் எல்லோரும் 'வேலை கிடைத்ததா' என்பதிலேயே நிற்கிறீர்கள். கிடைப்பது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. 2011இல், 2001க்குப் பிறகு படையில் இருந்தவர்களின் வேலையின்மை 12.1 விழுக்காடு. அப்போதுதான் சட்டம் போட்டு வகுப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2024இல் முன்னாள் படைவீரர்கள் அனைவருக்குமான விகிதம் 3 விழுக்காடு. இந்த இறக்கத்தில் வகுப்பின் பங்கு எவ்வளவு, பொருளாதாரம் எழுந்ததன் பங்கு எவ்வளவு என்று அந்த விகிதத்திலிருந்து யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. தொழிலாளர் புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் கேட்பது ஏறத்தாழ 60,000 வீடுகளில். அதில் கடந்த ஓராண்டில் விடுபட்டவர்கள் எத்தனை பேர் சிக்குவார்கள்?

நான் பார்ப்பது வேறொன்று. முப்பது பேரை மேய்த்து, கோடிக்கணக்கான டாலர் சாமானுக்குக் கையெழுத்துப் போட்டவர், என்னிடம் பெட்டி அடுக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார். சில மாதத்தில் சலித்துப் போய்க் கிளம்பிவிடுகிறார். உங்கள் கணக்கில் இரண்டாம் காலாண்டில் அவர் வேலையில் இருப்பார், வெற்றி. நான்காம் காலாண்டில் வேறு வேலையில் இருப்பார், அதுவும் வெற்றி. தகுதிக்குக் கீழான வேலை என்பது எந்தக் கட்டத்திலும் விழாது. அவர் படையில் வாங்கிய சம்பளத்தையும் படிகளையும் முதல் வேலையின் சம்பளத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒழிய இது தெரியாது.

இன்னொன்று. வெளியே வந்ததும், படைவீரர்களின் படிப்புச் செலவுக்கு அரசு உதவும் ஜி.ஐ. பில்லில் கல்லூரிக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆறு மாதம் கழித்து அவருக்குச் சம்பளம் இல்லை. தோல்வியா? படிக்கிறார். அந்தப் பதிவு படைவீரர் நலத்துறையிடம் இருக்கிறது. அதையும் சேர்க்காமல் சம்பளத்தை மட்டும் பார்த்தால், நன்றாகத் திட்டமிட்டவரே தோற்றவராகத் தெரிவார்.


#12 பொருளறைக்காரன்

பெட்டி அடுக்கும் வேலை பற்றிச் சொன்னது சுருக்கென்றது. அந்த அம்மாள் இல்லாவிட்டால் நானும் உங்கள் வாசலில்தான் நின்றிருப்பேன்.

எண்ணாயிரம் ஐயாவிடம் ஒரு சந்தேகம். வழிகாட்டியிடம் போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்டால், போனவர்கள் மோசமாகத் தெரிய வாய்ப்பு உண்டல்லவா? கையில் வேலையோடு விடுபடுகிறவன் அங்கே ஏன் போகிறான்?


#13 எண்ணாயிரம்

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனைக்குப் போனவர்களில்தான் சாவு அதிகம், ஆகவே மருத்துவமனைக்குப் போகாதே என்று சொல்வதைப் போல ஆகிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு: தானாக எழுந்து போய் உதவி கேட்கிறவன், கேட்காதவனை விடச் சூட்டிகையானவனாகவும் இருக்கலாம். எந்தப் பக்கம் சாய்கிறது என்பது வெறும் கணக்கில் தெரியாது.

இதற்கு அடுக்குகள் உதவும். 2019 நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, விடுபடுகிறவர்களை முதல் சந்திப்பிலேயே மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள். முதல் அடுக்கு தயாராக இருப்பவர்கள். மூன்றாம் அடுக்கு அதிக உதவி தேவைப்படுபவர்கள். மூன்றாம் அடுக்குக்காரரை மூன்றாம் அடுக்குக்காரரோடு ஒப்பிட வேண்டும். வழிகாட்டிகள் எல்லா முகாம்களுக்கும் ஒரே நாளில் போய்விடவில்லை, படிப்படியாகத்தான் போனார்கள். ஆகவே வழிகாட்டி வந்த முகாமையும் இன்னும் வராத முகாமையும் அதே ஆண்டில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு வெட்ஸ் வைத்திருக்க வேண்டியது, எந்த முகாமில் எந்தத் தேதியில் வழிகாட்டி வந்தார், ஆளோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், என்ன செய்தார் என்பதுதான். 'திருப்தியா' என்ற கேள்வி இதில் எங்கும் வராது.

இப்போது கசப்பான பகுதி. தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். சட்டப்படி விடுபடுவதற்கு 365 நாளுக்கு முன்பே டேப் தொடங்க வேண்டும். ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் அப்படித் தொடங்கவில்லை. இரண்டு நாள் வகுப்பு கட்டாயமான மூன்றாம் அடுக்கிலேயே ஏறத்தாழ கால்வாசிப் பேர் அந்த வகுப்புக்குப் போகவில்லை. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே வகுப்பைத் தவறவிடுகிறார்கள். பாதுகாப்புத் துறையிடம் இந்த விவரங்கள் இருந்தன, அவற்றை வைத்து என்ன செய்வது என்பதில்தான் குறை என்று ஜி.ஏ.ஓ. சொன்னது. இருக்கிற விவரத்தையே படிக்காதவர்கள் புதிதாகக் கேட்டு என்ன செய்யப் போகிறார்கள் என்பதுதான் என் அடிப்படை எரிச்சல்.


#14 பதினெட்டுச் சக்கரம்

தொடங்காததற்கு ஆள் மட்டும் காரணமில்லை ஐயா. என் மேலதிகாரிக்கு வண்டி ஓட ஆள் வேண்டும். வகுப்புக்கு என்று கேட்டால் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்பார். அடுத்த மாதம் களப்பயிற்சி. அதற்கடுத்த மாதம் ஆய்வு. கடைசியில், விடுபடுவதற்கு 90 நாளுக்கு முன்பு முடித்தாக வேண்டிய தகுதிச் சரிபார்ப்புக்கு முதல் வாரம், எல்லா வகுப்பையும் கணினியில் ஓடவிட்டு முடித்தேன். ஒரு திரையில் பாடம், இன்னொன்றில் வண்டிப் பராமரிப்பு அட்டவணை. பதிவில் நான் 'முடித்தவன்'.

ஏன் தாமதம் என்று கேட்கும் ஒரு கட்டம் வேண்டும். அதில் 'மேலதிகாரி அனுப்பவில்லை' என்பதும் ஒரு விடையாக இருக்க வேண்டும். அதைச் சீருடையில் இருக்கும்போது எவனும் அமுக்க மாட்டான். வெளியே வந்த பிறகு கேட்டால் கூட்டம் கூட்டமாக அமுக்குவார்கள்.


#15 பொருளறைக்காரன்

எல்லோரும் சொன்னதை வைத்து ஒரு வரைவு. ஆங்கிலத்தில் அனுப்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன், சாரம் இங்கே:

"வகுப்பின் கடைசி நாளில் கேட்கும் திருப்திக் கேள்விகளைப் பாதியாகக் குறைக்கவும். மிச்சமாகும் நேரத்தை, விடுபட்டு ஆறு மாதம் கழித்துக் கைபேசிக்கு அனுப்பும் நாலைந்து கேள்விகளுக்குக் கொடுக்கவும். சம்பள வேலையா, சொந்தத் தொழிலா, படிப்பா. படையில் பொறுப்பேற்ற அளவுக்கு இந்த வேலை இருக்கிறதா. இந்த ஊரை ஏன் தேர்ந்தீர்கள். டேப் தாமதமாகியிருந்தால் காரணம் என்ன. வாழ்க்கைத்துணைக்கும் அதே கேள்விகள் தனியாகப் போகட்டும். சம்பளத்தை எங்களிடம் கேட்க வேண்டாம். கணக்கெடுப்புத் துறையின் இணைப்பு வழியாக, முகாம் வாரியாகவும் அடுக்கு வாரியாகவும் வெளியிடவும். வழிகாட்டிகள் 'ரெஸ்யூமே உதவி' என்று மட்டும் பதியாமல், என்ன மாற்றினார்கள் என்று ஒரு வரி எழுத இடம் தரவும். கூட்டாளர்களுக்குக் கொடுத்த தனிநபர் விவரத்தை எப்போது அழிப்பார்கள் என்பதைப் படிவத்திலேயே அச்சிடவும்."

கருத்துகள் பொதுப் பதிவில் ஏறும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆகவே யாரும் தங்கள் பிறந்த தேதி, பழைய அலகின் பெயர், இயலாமை விழுக்காடு ஆகியவற்றை எழுத வேண்டாம். தனித்தனியாக அனுப்புவது நல்லது. ஒரே வாசகத்தை இருபது பேர் ஒட்டி அனுப்பினால் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள்.


#16 நார்ஃபோக் குருவி

துணைக்குத் தனியாகக் கேட்பது சரி. ஆனால் அந்தச் செய்தியை அவருடைய கைபேசிக்கே அனுப்பி 'உங்கள் மனைவியிடம் கேளுங்கள்' என்று சொல்லிவிடப் போகிறார்கள். என் எண்ணை நானே பதிய ஓர் இடம் வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள் அண்ணா. 'வாழ்க்கைத்துணை' பெண் மட்டும் இல்லை என்பதையும்.


#17 ஆள்தேர்வு மேசை

வழிகாட்டி எழுதும் அந்த ஒரு வரியைத் தொகுத்து வெளியிடச் சொல்லுங்கள். எந்தப் படைத் தொழிலுக்கு எந்த வெளியுலகச் சொல் வேலை செய்தது என்று ஒரு பட்டியல் கிடைத்தால், என் மேசையில் இருக்கும் மென்பொருளில் நானே அதைப் போட்டுக்கொள்வேன். ஜிசிஎஸ்எஸ்-ஆர்மி என்றால் எஸ்.ஏ.பி. என்பது இந்த இழையைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. அந்தச் சொல்லைப் பார்த்து எத்தனை பேரைத் தாண்டிப் போயிருக்கிறேனோ.


#18 புதுவாசகர்_25பி

இதுவரை எழுதியதில்லை, படிப்பதோடு சரி. தரைப்படை, கணினிப் பிரிவு. எனக்குப் படையிலிருந்து விடுவிப்பு இன்னும் எட்டு மாதத்தில். 365 நாள் கணக்கு இருப்பதே இங்கே படித்துத்தான் தெரிந்தது. முதல் சந்திப்புக்கூட இன்னும் ஆகவில்லை. தாமதமாகிவிட்டதால் ஏதாவது பிரச்சினை வருமா?


#19 பொருளறைக்காரன்

தம்பி, தண்டனை எதுவும் இல்லை, விடுவிப்பும் நிற்காது. நாளைக் காலை அணிவகுப்பு முடிந்ததும் முகாமின் பணிமாற்ற மையத்துக்குப் போய், முதல் தனிச் சந்திப்புக்குத் தேதி வாங்கிவிடுங்கள். அது முடியாமல் அடுத்தது எதுவும் நகராது. எந்த அடுக்கு என்று கேட்கும்போது வீறாப்பாக 'எல்லாம் தயார்' என்று சொல்லிவிடாதீர்கள். முதல் அடுக்கில் போட்டுவிட்டால் இரண்டு நாள் வகுப்புக்கு உங்களை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். உங்கள் முகாமில் வேலை வழிகாட்டி உண்டா என்று அங்கேயே கேளுங்கள். கடைசி 180 நாளில் ஸ்கில்பிரிட்ஜ் வழியாக வெளிக் கம்பெனியில் பயிற்சிக்குப் போக எண்ணம் இருந்தால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும், அதை இந்த வாரமே வாயெடுத்துக் கேளுங்கள். சொல்லால் மட்டும் கேட்காமல் மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள்.


#20 பதினெட்டுச் சக்கரம்

மின்னஞ்சலில் உங்களுக்கும் ஒரு நகல் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, ராணுவ முகவரி விடுவிப்போடு மூடிவிடும். அதைப் போலவே விடுவிப்புச் சான்றிதழான டிடி-214 கைக்கு வந்ததும் எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள். நம் பெயரில் தகப்பனார் பெயரையும் நம் பெயரையும் இடம் மாற்றி அடித்துவிடுவார்கள். பிறகு திருத்த மாதக்கணக்கில் அலைய வேண்டும்.